பேசாத பிள்ளைகள்

என் அக்கா மகளுக்கு 5 வயது முடிந்து 2 மாதம் ஆன பிறகுதான் அவளுக்குக் காது கேட்காது என்பது எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு என்றால் என்னையும் சேர்த்துத்தான். எம்.ஏ. தமிழ் படித்தவள், காலனி சமுதாயக் கூடத்தில் மாலைப் பள்ளி நடத்துகிறவள், தலித் குழந்தைகளின் மௌனம் பற்றிக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியவள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நம்முடைய தெருக்களில் 'ஊமை', 'மக்கு', 'மந்தம்', 'காத்து புடிச்சது' என்கிற பெயர்களோடு எத்தனையோ பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளை பேசாததற்கும் காரணம் வேறு வேறு. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே மௌனமாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

முதலில் என்னுடைய மௌனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1994இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. வீட்டில் நான் பெரிய வாயாடி. "பொறந்தப்ப நாக்குல வசம்பு கொஞ்சம் கூடுதலாத் தேச்சிட்டேன் போல இருக்குது"ன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாலாவது நாள் "டீச்சர், தண்ணி வோணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தி 'தண்ணீர் வேண்டும்' என்று பத்துத் தடவை சொல்ல வைத்தார். பத்தும் சொன்னேன். தண்ணி மட்டும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. 'இது வாயே தொறக்காது' என்று எனக்குப் பெயர். பள்ளிக்கூடம் விட்டு வாய்க்காலைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தால் ராத்திரி தூங்குகிற வரைக்கும் நிறுத்தமாட்டேன்.

ஒரு பிள்ளையின் மௌனத்தை யாரோ ஒருவர் உண்டாக்குகிறார் என்பது நான் அங்கே படித்த பாடம். பிற்பாடு இயக்கத்துக்கு வந்து படிக்கத் தொடங்கியபோது அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரை ஒன்று கையில் கிடைத்தது. நியூயார்க்கில் கறுப்பினச் சிறுவர்களைப் பற்றியது. அந்தக் காலத்துக் கல்வி உளவியலாளர்கள் பலர், இந்தப் பிள்ளைகளுக்கு மொழியே இல்லை, வீட்டில் பேச்சு வளம் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சோதித்த விதம் இப்படி: பெரிய ஆள் ஒருவர் மேசைமேல் ஒரு பொம்மையை வைத்து 'இதைப் பற்றிச் சொல்' என்பார். பையன் ஒரு வார்த்தை சொல்வான். அப்புறம் நீண்ட மௌனம். லபோவின் குழு ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர் ஒருவரையே கேள்வி கேட்க வைத்தது. அப்போதும் 8 வயதுப் பையன் ஒருவன் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னான். அடுத்த தடவை அவர் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு போனார். பையனின் கூட்டாளியையும் கூட்டி வரச் செய்தார். நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். தெருவில் பேசுகிற பேச்சைத் தானே எடுத்துவிட்டார். அவ்வளவுதான், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். பிள்ளைக்கு மொழி இல்லாமல் இல்லை, அந்த மேசைக்கு முன்னால் பேச வேண்டிய அவசியம்தான் அவனுக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நான் இரண்டு பிள்ளையாக இருந்த கதையை யாரோ கடல் தாண்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கிருந்து, பேசாத பிள்ளையை எங்கே பார்த்தாலும் எனக்குச் சாதிதான் தெரிந்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

எம்.ஏ.வில் சிற்றிலக்கியம் ஒரு தாள். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்று மனப்பாடம் செய்தோம். ஐந்தாம் மாதம் செங்கீரை, குழந்தை தலை தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. அப்புறம் வாரானை, கூப்பிட்டால் வருவது. அம்புலி, நிலாவைக் காட்டிக் கூட விளையாட வா என்று அழைப்பது. இன்றைக்குக் குழந்தை மருத்துவர் கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். தலை நிற்கிறதா? கை கொட்டுகிறதா? பெயர் சொன்னால் திரும்புகிறதா? எதையாவது விரல் நீட்டிக் காட்டி உன் முகத்தைப் பார்க்கிறதா? புலவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்தது சாமிகளையும் அரசர்களையும்தான். சேரிப் பிள்ளை எந்த மாதம் கை கொட்டியது என்று எவன் பாடினான்?

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் 5 வயது வரைக்கும் பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிடந்ததில் முருகன் அருளால் பேசினார் என்றும் கதை. வகுப்பில் இதைச் சொல்லிப் பேராசிரியர் உருகினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று தோன்றியது. சைவ வேளாளர் வீட்டில் 5 வயது வரைக்கும் ஒரு பிள்ளை பேசாவிட்டால் அது தெய்வத் திருவிளையாடல். எங்க தெருவில் பேசாவிட்டால் அது மந்தம். எங்க தாத்தனும் பாட்டியும் பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோயிலுக்குள் போயிருக்க முடியும்? ஆலய நுழைவுச் சட்டமே சென்னை மாகாணத்துக்கு 1939இல்தான் வந்தது. "கொழந்தையும் தெய்வமும் கொண்டாடற எடத்துல"ன்னு பழமொழி வேறு. யார் குழந்தையைக் கொண்டாடினார்கள் என்று பழமொழி சொல்வதில்லை.

இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் மாலைப் பள்ளியைத் தொடங்கினேன். 20, 25 பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவன் நான் மாதிரி. தெருவில் அவன் வாய்க்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கோழிச்சண்டை, குடிச்சிட்டு வந்த பெரியப்பா, டிராக்டர் கவுந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவான். பள்ளிக்கூடத்தில் அவன் 'ஊமைக்கோட்டான்'. அவன் அம்மாவிடம் வாத்தியார் ஒருத்தர், புள்ளைய டாக்டர்கிட்ட காட்டு என்று சொல்லியனுப்பினார். அந்தம்மா என்னிடம் வந்து, "இன்னா தங்கச்சி, இவன் வாய அடைக்கத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்"னு சொல்லிச்சி. அவனிடம் நான் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன், அவன் பேச்சிலேயே பேசினேன், அது போதுமாக இருந்தது.

இன்னொருத்தி மூன்று வாரம் கதவோரத்தில் நின்றாள். உள்ளே வரமாட்டாள், போகவும் மாட்டாள். கையைப் பிடித்து இழுத்தால் அழுவாள். வீட்டில் தம்பியோடு நன்றாகப் பேசுகிறாள் என்று அவள் ஆயா சொன்னார். மிரட்டியது யாருமில்லை, பள்ளிக்கூடத்துக்கே இன்னும் போகாத பிள்ளை. அவள் சுபாவம் அப்படி. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். புது ஆள், புது இடம் என்றால் சட்டென்று ஒட்டிக்கொள்ளாமல் மெல்ல மெல்லப் பழகுகிற பிள்ளைகள் 100க்கு 15 பேர் என்றார்கள். எளிதில் பழகுகிறவர்கள் 40 பேர். எதற்கும் முரண்டு பிடிக்கிறவர்கள் 10 பேர். மிச்சப் பேர் எதிலும் அடங்காத கலவை. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளை. நம் தெருவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறக்கும்போதே ஆளுக்கு ஒரு மாதிரி பிறக்கிறார்கள் என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நான்காவது வாரம் அவள் தானாக வந்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளையின் காதில் ரகசியமாகச் சொல்வாள், அது எழுந்து எனக்குச் சொல்லும். ஆறு மாதம் அப்படியே நடந்தது. இப்போது ரகசியம் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது பையன் பேசுவான். ஆனால் நம்மோடு பேசமாட்டான். "விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு" என்று கண்டக்டர் குரலிலேயே நாளெல்லாம் சொல்வான். "சாப்ட்டியா?" என்றால் அவனும் "சாப்ட்டியா?" என்பான். முகத்தைப் பார்க்கமாட்டான். எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டான். தண்ணி வேண்டும் என்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின்மேல் வைப்பான். அவன் ஆத்தாவுக்கு இது காத்து சேட்டை. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அம்மாக்காரிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று புருஷன் வீட்டில் பேச்சு.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. அந்த 11 பேரின் குடும்பங்களும் நன்றாகப் படித்த குடும்பங்கள். அதனால் இது மெத்தப் படித்தவர்கள் வீட்டு நோய் என்று நெடுங்காலம் நம்பினார்கள். தாயின் பாசம் குறைந்ததால் வருகிறது என்றுகூடச் சொன்னார்கள். இரண்டும் பொய் என்று பின்னால் தெரிந்தது. படித்தவர்கள்தான் அந்த டாக்டரிடம் போய்ச் சேர முடிந்தது, அவ்வளவுதான் விஷயம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வேறு பெயர்களோடு வேறு இடங்களில் கிடந்தார்கள். நம்மூரில் இன்னும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் இதுவும் இருக்கிறது. எங்க தெருவில் அந்தப் பையனுக்குச் சான்றிதழ் வாங்க நாலு தடவை அலைந்தோம். ஆனால் பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாயைச் சுருட்டி வைத்து பஸ் விளையாட்டு. அவன்தான் கண்டக்டர். அவன் ஊர் பேர் சொல்ல, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிள்ளை இறங்கும். இறங்காமல் யாராவது உட்கார்ந்திருந்தால் திரும்பிப் பார்ப்பான். அவன் முதல்தடவை இன்னொரு பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததை நான் அந்த பஸ்ஸில்தான் பார்த்தேன்.

இனி என் அக்கா மகள். பாப்பா என்றே சொல்கிறேன்.

அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறவியிலேயே காது கேளாமை வருகிற வாய்ப்புக் கூடுகிறது என்பதை இப்போது சொல்கிறேன், அப்போது யாரும் சொல்லவில்லை. மாமா பறையடிக்கிறவர். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று தூக்கிப் போட்டுவிட்டு, கலைக்குழுவோடு மேடையில் அடிக்கிறவர். பாப்பா 2 வயதில் பேசவில்லை, 3 வயதிலும் பேசவில்லை. "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசிச்சி"ன்னு எங்கம்மா வசம்பு தேய்த்தது. காது கேட்குமா என்கிற சந்தேகமே எங்களுக்கு வரவில்லை. ஏனென்றால் பறை அடித்தால் பாப்பா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். தோல்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள், காலைத் தட்டி ஆடுவாள். நான் ஒரு மேடையில் சொன்னேன்: "எங்க புள்ளைக்கு இன்னும் பேச்சு வரல, ஆனா பறை வந்துடுச்சி. அதுதான் அவளுக்குத் தாய்மொழி." கூட்டம் கை தட்டியது.

5 வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து டீச்சர் அக்காவிடம், "உங்க தெருவுலருந்து வர்றதுங்க வாயத் தொறக்காதுங்க, தொறந்தா கெட்ட வார்த்தைதான். இது முதல் வகை" என்றாராம். எனக்கு 1994 வந்துவிட்டது. மறுநாளே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். மனு எழுதினேன், மேலதிகாரியைப் பார்த்தேன். டீச்சர் வருத்தம் தெரிவித்தார். இரண்டு வாரம் அந்த வேலைதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். டீச்சர் பேசியது சாதி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அந்தப் போராட்டத்தைத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவரும் சரி நானும் சரி, பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவருக்கு எங்க தெரு தெரிந்தது, எனக்கு என்னுடைய பழைய பெஞ்சு தெரிந்தது.

உண்மையைச் சொன்னவன் அந்த வாயாடிப் பையன்தான். ஒருநாள் மாலைப் பள்ளியில் பாப்பாவைப் பின்னாலிருந்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் சொன்னான்: "அக்கா, அவளுக்கு காது கேக்காது. முன்னால வந்து கூப்புடு. நாங்க தூரமா இருந்தா ஒரு பிடி மண்ண எறிஞ்சித்தான் கூப்புடுவோம்."

"யார்ரா சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் கேக்காதே."

அவர்களுக்கு எவ்வளவு நாளாகவோ தெரிந்திருக்கிறது. விளையாட்டில் பாப்பாவுக்காக ஜாடைகள் செய்து வைத்திருக்கிறார்கள். மூக்கைத் தொட்டால் ஒருத்தன், காதோரம் விரலைச் சுழற்றினால் ஜிமிக்கி போட்டவள், நெற்றியில் கோடு இழுத்தால் நான். பாப்பா விரல் நீட்டிக் காட்டுவாள், முகத்தைப் பார்ப்பாள், கோபித்துக்கொள்வாள், கோள் சொல்வாள், கையாலேயே பொய்யும் சொல்வாள். பேசாத பிள்ளை என்று நாங்கள் பெயர் வைத்தவள் நாள் பூராவும் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர் பையனையும் பாப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும். அவனிடம் வார்த்தை இருந்தது, நம்மைத் தேடவில்லை. அவளிடம் வார்த்தை இல்லை, ஆனால் நம்மைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். 'பெரா' பரிசோதனை. இரண்டு காதும் மிகக் கடுமையான இழப்பு. நான் விடாமல், "பறைக்கு ஆடுவாளே மேடம்" என்றேன். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார்: "அது அதிர்வும்மா. கையில தெரியும், நெஞ்சுல தெரியும், தரையில கால் வெச்சாத் தெரியும். காதுல இல்ல." நான் மேடையில் வாங்கிய கைதட்டல் ஞாபகத்துக்கு வந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருந்தால் உள்காதில் பொருத்துகிற காக்ளியர் கருவியைச் செலவில்லாமல் வைக்கிறார்கள். எங்களுக்கு இருந்தது 10 மாதம். வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, ஸ்கேன், தடுப்பூசி, குழு முன்னால் போவது என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தோம். 5 வயது 10 மாதத்தில் அறுவை நடந்தது. கருவியை முடுக்கிவிட்ட அன்றைக்குப் பாப்பா பயந்து அழுதாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒளிக்காமல் சொன்னார்: ஒன்று, இரண்டு வயதில் வந்திருந்தால் வேறு மாதிரி இருக்கும், மூளை ஒலியைப் பழகிக்கொள்கிற வயது அது, இனி ஒவ்வொரு சொல்லும் உழைப்புத்தான். வாரத்துக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போனால் அக்காவுக்கு அன்றைய கூலி போய்விடும்.

அரசாங்கத்தில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும். எங்க பால்வாடிக்கும் வேன் வந்திருக்கிறது. வந்த அன்றைக்கு அக்கா நடவுக்குப் போயிருந்தது, பிள்ளையையும் வரப்பில் உட்கார வைத்துக்கொண்டு. அடுத்த தடவை வந்தபோது பெயர்ப் பட்டியலில் 'அமைதியான குழந்தை' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதில் சாதி எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்த வரப்பைத்தான் காட்டுவேன். பிள்ளை பேசாததற்குக் காரணம் சாதி இல்லை. அது பேசாததை 5 வருஷம் யாரும் கவனிக்காததில் சாதி இருக்கிறது. அந்தக் கவனிக்காதவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன்.

தோழர்களுக்கும், மாலைப் பள்ளி நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. ஒரு வயசுக் குழந்தையைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்புகிறதா என்று. தட்டைத் தட்டி, பறையை அடித்துப் பார்க்காதீர்கள், அதிர்வு ஏமாற்றும். விரல் நீட்டிக் காட்டுகிறதா, டாட்டா காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், அப்பனும் லேட்டாத்தான் பேசினான் என்று காத்திருக்காமல் மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பேசிப் பள்ளிக்கூடத்தில் பேசாத பிள்ளை என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கேயும் மெதுவாகப் பழகுகிற பிள்ளை என்றால் கதவோரத்தில் நிற்க விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மற்றப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு இப்போது 7 வயது. நாங்கள் எல்லாரும் சைகை மொழி படிக்கிறோம், சட்டம் அதையும் பேச்சுத் தொடர்பு என்றுதான் சொல்கிறது. மாலைப் பள்ளியில் என்னை விட மற்றப் பிள்ளைகள் வேகம். வாயாலும் ஒரு 30, 40 சொல் வந்திருக்கிறது. என்னைச் 'சித்தி' என்று கூப்பிட வேண்டும். 'தி' மட்டும் வருகிறது. முதல் பாதி இன்னும் வரவில்லை. அவளுக்கு வர வேண்டிய சொற்கள் இப்படி எவ்வளவோ பாக்கி இருக்கின்றன. அந்தப் பாக்கியில் என்னுடைய பங்கும் இருக்கிறது.